முடியளவு செம்பு

அன்புக்கரசியின் நெய்வேலி குவார்ட்டர்ஸில் குளியலறைத் தரையில் பெரிய பழுப்புக் கறை ஒன்று உண்டு. செம்பு ஒட்டிய அட்டையில் கோடு வரைந்து, மருந்துத் தண்ணீரில் அரித்து, சர்க்யூட் போர்டை அவரே செய்வதால் வந்தது. ஐ.டி.ஐ. படித்தவர். சுரங்கத்தில் பெர்மனென்ட்டான அறிவழகனைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வருடம் ஆகிறது.

"வூட்ட ஒப்படைக்கும்போது இந்தக் கறைக்கு யாரு பதில் சொல்றது?" என்பார் அறிவழகன்.

"உங்க பேர்லதான் அலாட்மென்ட். நீங்களே சொல்லுங்க."

அடுத்த வீட்டுக்காரி என்பதால் இந்தச் சண்டை எனக்குப் பழக்கம். ஆனால் அந்தக் கறை எதற்காக என்பது போன மாசிவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

அந்த மாசியில் ஒரு நாள் காலை நான் அன்புக்கரசி வீட்டில் இருந்தபோது, கான்ட்ராக்ட் தொழிலாளி கலைச்செல்வன், மனைவி வெண்மதி, ஐந்து மாதக் குழந்தை அபி, கூடவே மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த அவன் அக்கா ருக்குமணி எல்லோரும் வந்து இறங்கினார்கள். வெண்மதிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. குழந்தை அழுதால் அடுப்படியில் பல்பு எரிவதற்கு அன்புக்கரசி ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார். முந்தின நாள் அது எரியவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போன பிறகுதான் வெண்மதி பார்த்திருக்கிறாள்.

ருக்குமணி கையில் தாய், பிள்ளை துணிகளைக் கட்டிய பை இருந்தது. "இவன் ஷிப்டுக்குப் போயிட்டா இவ தனியா இன்னா பண்ணுவா? ரெண்டு பேரையும் நான் இட்டுகினு போறேன். புள்ள நடக்கறவரைக்கும் அங்க இருக்கட்டும்."

வெண்மதி நாத்தனாரின் உதடுகளையே பார்த்தாள். பிறகு குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கலை, ரெண்டு மணி ஷிப்டா?"

"ஆமாங்க்கா. ஒரு மணிக்கு பஸ்சு."

அவர்கள் கொண்டுவந்திருந்த பெட்டியை அன்புக்கரசி திறந்தார். கோடு அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும் மீட்டரின் முனைகளைக் கோட்டுக்குக் கோடு வைத்துக்கொண்டே போனார். ஒவ்வோர் இடத்திலும் 'பீப்' என்றது. ஓரிடத்தில் மட்டும் இல்லை.

"டார்ச்ச போர்டுக்குப் பின்னாடி புடிங்க," என்றார் என்னிடம்.

பிடித்தேன். அட்டை தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. செம்புக் கோடுகள் கறுப்பாக ஓடின. பூதக்கண்ணாடியில் காட்டினார். ஒரு கோட்டின் நடுவில் கடுகில் பாதிகூட இல்லாத வெளிச்சம். விளிம்பில் பச்சைக் களிம்பு. அவ்வளவுதான். ஒரு குழந்தையின் அழுகை அந்த இடத்தில் வந்து நின்றுபோயிருக்கிறது.

வெண்மதி கையால் துடைப்பதுபோல் காட்டினாள். ஜன்னல் வழியாக அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிறதே என்று தினமும் பெட்டியைத் திறந்து ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள்.

"நல்லா தொடைச்ச போ," என்றார் ருக்குமணி.

"காஞ்ச துணியில இந்த ஊரு சாம்பல் போவுமா? தப்பு என்னுது. நெய்வேலியில இருந்துகினு மேல பூச்சு அடிக்காம குடுத்தேன்," என்றார் அன்புக்கரசி.

பச்சையைப் பிளேடால் சுரண்டினார், செம்பு புதுக்காசுபோல் மின்னும்வரை. ஒயரிலிருந்து தலைமுடி போன்ற ஒற்றை இழையை உருவினார். இடுக்கியால் இடைவெளியின்மேல் கிடத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரு முனையிலும் ஈயம் உருக்கி வைத்தார். மீட்டர் 'பீப்' என்றது. மேலே நகப்பூச்சைத் தடவி உலர விட்டார்.

பெட்டியின் பல்பைத் தன் அடுப்படியில் மாட்டினார். வெண்மதியிடம் டீ போடச் சொல்லிச் சைகை காட்டினார். பாயில் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த அபி அழுவதாக இல்லை. மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னிக்கும் இல்லாத நல்ல புள்ள ஆயிட்டான்," என்றான் கலைச்செல்வன், கடிகாரத்தைப் பார்த்தபடி.

பன்னிரண்டரைக்கு அபிக்குப் பசி வந்தது. முதலில் முனகல், அப்புறம் அழுகை. ருக்குமணி குனிந்தார். அன்புக்கரசி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்க. அவ வரட்டும்."

காது கேட்கிற நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது அழுகை முடியவில்லை, டீ வடிகட்டியோடு வெண்மதி அடுப்படி வாசலில் நின்றாள். எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பாய்க்கு வந்து குழந்தையை அள்ளினாள். கையிலேயே இருந்த வடிகட்டியை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

ருக்குமணி பையைத் திறந்து குழந்தையின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தார். வெண்மதியின் புடவைகளையும் வைத்தார்.

"டீயக் குடிச்சிட்டு நான் கெளம்பறேன்," என்றார், வெண்மதிக்குத் தெரியும்படி முகத்தை நேராகத் திருப்பி.