பருத்திமார்க் கட்டும் பிரதமர் பதவியும்

இன்று கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் பஸ்ஸில், பிரதமரானால் முதலில் எதைச் சரிசெய்வது என்று கல்லூரிப் பையன்கள் இருவர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்பதுகளில் ஒரு ஐப்பசி மழையில், இதே ரோட்டில் போன பஸ்ஸில், இதே சண்டை.

"நான் பிரதமரானா முதல்ல கங்கைய இங்கன கொண்டாந்துருவேன்" என்றார் ஒருவர்.

"அதுக்கு முன்னால லஞ்சத்த ஒழிக்கணும்வே" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

அதற்குள், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய பஸ் கரிசலில் புதைந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளேதான் போனது.

வண்டி புதைந்தால் சக்கரத்தடியில் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை, போட்டு ஏற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அடைமழையில் அடுப்புக்கு வைத்திருக்கும் காய்ந்த மாரை யார் தருவார்கள்?

பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா இறங்கினார். நனையாமல் சாக்குச் சுற்றி வைத்திருந்த தன் பருத்திமார்க் கட்டை அவிழ்த்து, முழுவதையும் சக்கரத்தின் அடியில் திணித்தார்.

"அண்ணாச்சிமாரே, நாட்ட அப்புறம் திருத்துங்க. இப்ப இறங்கித் தள்ளுங்க."

தள்ளினோம். பஸ் ரோட்டில் ஏறிவிட்டது.

சேறு அப்பிய வேட்டியோடு கங்கைக்காரர் கேட்டார்: "ஏம்மா, நீங்க பிரதமரானா முதல்ல என்ன செய்வீய?"

அக்கா வெறும் சாக்கை உதறி மடித்தார்.

"முதல்ல ராத்திரிக்கு அடுப்பெரிக்க வெறகு தேடணும்."

என் ஓட்டு இன்றைக்கும் அந்த அக்காவுக்குத்தான்.

நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். கங்கையை மட்டும் விட்டுவிடுங்கள், அதை அப்போதே ஒருவர் எடுத்துக்கொண்டார்.