உப்பில்லாமல் வைத்த சோறு

"படிச்ச புள்ளைக்கு மட்டும் காது வேறயா முளைச்சிருக்கு? மஞ்சுக்குள்ள ஒத்தக் கூப்பாடு கேட்டா நீயும் எங்கள மாதிரி வாயப் பொத்திக்கிட்டுத்தான் ஓடியாருவ" என்று என் மதினி ஒருநாள் சொன்னாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி; மஞ்சு என்றால் எங்கள் பக்கத்தில் மூடுபனி. விதைப் பூண்டு உதிர்த்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

1969-ம் வருடம் ஐப்பசி மாதம் அது. எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலையில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பயிற்சி முடித்து, கிராம சேவிகா உத்தரவு வாங்கி, சொந்த ஊர்ப் பக்கமே வேலைக்கு வந்திருந்தேன். குடையும் பையுமாக ஊர் ஊராக நடந்து, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்பவுடர் கொடுப்பதும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வதும் என் வேலை. "கவர்மெண்டு அம்மா வருது" என்று கேலி செய்வார்கள். கேலிதான் என்றாலும் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனி இறங்கியிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் உடனே பதில் கொடுக்க மாட்டார்கள். மனிதர் என்றால் பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவார். மற்றது ஒரே தடவைதான் கூப்பிடும். அதனால் பனி நாளில் என் அண்ணன் தோட்டத்திலிருந்து மதினியைக் கூப்பிட்டால், "அடியே, நாந்தேன்! ஏ, நாந்தேன்டி!" என்று மூச்சுவிடாமல் கத்துவான்.

ஊருக்கும், வனத்துறை சீகை மரம் நட்டிருக்கும் காட்டுக்கும் நடுவில் பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோன பெண்ணுக்காக நிறுத்துவது அது. போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்தால் அவளுடைய பாரம் குறையும் என்பார்கள். எங்கள் ஊர்க் கல் யாருக்காக நட்டது என்பது இன்று ஒருவருக்கும் தெரியாது.

புரட்டாசி கடைசியில் அந்தக் கல் பக்கமிருந்து குரல் கேட்க ஆரம்பித்தது. மத்தியானம் தாண்டிப் பனி இறங்கியதும், "ஏங்க..." என்று ஒரு பெண் குரல் நீளமாக வரும். ஒரே தடவைதான். பிறகு ஒன்றுமே இருக்காது. மனைவி புருஷனைக் கூப்பிடுகிற கூப்பாடு. அதில் பெயர் இல்லாததால் ஊரில் ஒவ்வொரு ஆம்பளையும் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நடுங்கினான். என் அண்ணனும் போர்வைக்குள் சுருண்டான்.

"ஒங்க மொகரைக்கு உசுரோட இருக்கவளே கூப்புட யோசிக்கா. செத்தவ வந்து கூப்புடுறாளாக்கும்" என்றாள் மதினி.

வாய்தான் அப்படி. மறுநாளே அவளும் ஊர்ப் பெண்களும் கூடிப் பேசி, கல்லுக்குரியவள் வளைகாப்புக் காணாமலே செத்தவள், அந்த ஏக்கம்தான் என்று முடிவு செய்தார்கள். முறைப்படி எல்லாம் வைத்தார்கள். வாழை இலையில் புளிச்சோறு, அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு கை பச்சைக் கண்ணாடி வளையல். புளிச்சோற்றில் உப்பு மட்டும் போடவில்லை. பேய்க்கு வைக்கிற சோற்றில் உப்புப் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சோறும் இல்லை, வளையலும் இல்லை. நாய் இழுத்திருந்தால் இலை கிழிந்து கிடக்கும். அது கிழியவில்லை. விருந்து சாப்பிட்டு எழுந்தவர்கள் மடிப்பதுபோல் பாதியாக மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கூழாங்கல் வைத்திருந்தது. அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒரு வீட்டிலிருந்து சோறு போனது. நான் சிரித்தேன். அப்போதுதான் மதினி அந்தக் காது கேள்வியைக் கேட்டாள்.

சில நாள் கழித்து அடுத்த ஊரில் பால்பவுடர் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். சீகைக் காட்டைத் தாண்டும்போது பனி இறங்கிவிட்டது. எங்கள் மலைப் பனி மேலிருந்து விழாது. பள்ளத்திலிருந்து ஏறி வரும். முதலில் பாதை போகும், பிறகு என் கால், பிறகு குடை பிடித்த கை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் எல்லாப் பக்கமும் கேட்டது. கையால் துழாவித்தான் சுமைதாங்கிக் கல்லைக் கண்டுபிடித்தேன். கல் சில்லென்று ஈரமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க..."

மிகப் பக்கத்தில். என் தோளுக்குப் பின்னால் என்றே சொல்லலாம்.

மறுபடி கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். படித்த படிப்பு, வாங்கிய உத்தரவு எல்லாம் என் பையில்தான் இருந்தது. ஆனாலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன், மதினி சொன்ன மாதிரியே. மறுபடி கூப்பிடவில்லை. அதற்குப் பதில் வளையல் சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

ஓடியிருப்பேன். ஓடினால் மதினி கேட்கப்போகும் கேள்வி ஞாபகம் வந்தது. அந்த ரோஷம்தான் என்னைப் பேச வைத்தது.

"யாரது? நான் கிராம சேவிகா!" என்று கத்தினேன்.

பேயிடம் உத்தியோகத்தைச் சொன்னவள் நான் ஒருத்திதான் இருப்பேன். வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதி முன்னதைவிட மோசமாக இருந்தது. அங்கே ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. அது என்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதும் மெல்ல உறைத்தது.

பேய்க்குக் கிராம சேவிகாவிடம் என்ன பயம்?

குரலைத் தாழ்த்தி, எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பதையே கேட்டேன். "சாப்புட்டீங்களா?"

பிறகு பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"சாப்புட்டேங்க. புளிச்சோறு ருசியாத்தான் இருந்துச்சு. உப்பு மட்டுந்தான் இல்லீங்க."

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நேரம் சிரிப்பும் வந்தது. கையை நீட்டினேன். பச்சை வளையல் போட்ட ஒரு கை பனியிலிருந்து வெளியே வந்து என் விரல்களைத் தொட்டது. பனியைவிடச் சில்லென்றிருந்தது. ஆனால் நாடி ஓடியது.

என் வயதுதான் இருக்கும். மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தாள். நிறைமாத வயிறு. வனத்துறை ஆட்கள் விட்டுப்போன தகரக் கொட்டகை ஒன்றில்தான் இருந்தாள். அங்கே உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் பிறந்து வளர்ந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு அங்குள்ள தோட்டத்து மக்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அவளுடைய அப்பா அங்கேயே இருக்க மனுப் போட்டிருந்தார். அதில் இவள் பெயரும் சேர்ந்திருந்தது. கல்யாணம் அதற்குப் பிறகு. புருஷனுக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்தபோது, இவளைப் பார்த்து, நீ உன் அப்பன் கணக்கு என்று சொல்லிவிட்டார்களாம். அவன் கப்பலில் வந்தான். மண்டபம் முகாமில் அவனுக்கு அட்டை கொடுத்து, இங்கே மரம் நடும் வேலைக்கு அனுப்பினார்கள். இவள் காதுத் தோட்டை விற்று, இருட்டில் ஒரு தோணியில் வந்து இறங்கினாள்.

"அங்க எங்களக் கள்ளத்தோணின்னுதான் ஏசுவாங்க அக்கா. அப்பல்லாம் நான் கடலையே பாத்ததில்ல. இப்பத்தான் நெசமாவே தோணி ஏறியிருக்கேன்" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள்.

புருஷன் அவளை யாருக்கும் தெரியாமல் இந்தக் கொட்டகையில் வைத்திருந்தான். பிறகு அவனுடைய ஆட்களை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மழையில் பாதை சரிந்துவிட்டது. வந்திருப்பானோ என்ற ஆசையில்தான் தினமும் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஏன் ஒரே தடவை கூப்பிட்டீங்க?" என்றேன்.

"தோட்டத்துல போலீசு ஆள் புடிக்க வர்றப்பப் பழகுனதுக்கா. ஒருக்காச் சத்தங் காட்டினா எங்கிட்டிருந்துன்னு தெரியாது. மறுக்காக் காட்டினா நேரா வந்துருவாங்க."

எந்த வழக்கத்தால் நாங்கள் மனிதரையும் மற்றதையும் பிரித்தோமோ, அதே வழக்கத்தால் அவள் உயிரைக் காத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நடக்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "தெனமும் நான் கூப்புட்டதும் ஒரு பொம்பள 'ம்'னு சொல்லுவாங்க. கல்லு பக்கத்திலிருந்து. அதக் கேட்டாத்தான் எனக்குத் தைரியம். நீங்கதானே அக்கா அது?"

பனி நேரத்தில் நான் அந்தக் கல் பக்கம் வந்தது அன்றுதான் முதல் தடவை. ஊரில் வேறு எவரும் பதில் சொல்லியிருக்க வழியே இல்லை. நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கல்லைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் மதினி முதலில் பார்த்தது வளையலைத்தான். கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் அந்தப் பெண்ணிடம், "ஏத்தா, உப்பில்லாமயா இத்தன நாளும் தின்ன?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

கிராம முன்சீப் வந்தார். வெளியாள் வந்தால் மேலே எழுதுவது அவர் கடமை. அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பேய்க் கணக்கெல்லாம் தாசில்தாரு எங்கிட்டக் கேக்கறதில்ல. இன்னும் பேயாவே கெடக்கட்டும். நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மதினியும் அதையே பிடித்துக்கொண்டாள். "பேயின்னா ஊரே சோறு போடும். மனுசின்னு சொன்னா போலீசு வந்து கூட்டிட்டுப் போகும். எது வேணும் ஒனக்கு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

சட்டம் எனக்குக் கொஞ்சம் தெரியும். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவளுக்கு வழக்கு, காவல், பிறகு திருப்பி அனுப்புவது. ஒரே கடல், ஒரே கரை. கப்பலில் வந்த புருஷனுக்கு அட்டையும் அரிசியும், தோணியில் வந்த மனைவிக்கு விலங்கு. அவளை மறைத்து வைத்தால் சர்க்கார் சம்பளம் வாங்கும் என் வேலையும் போகும்.

அந்தப் பெண்தான் பேசினாள். "நான் பேயாவே இருந்துருவேன் அக்கா. பேயக் கப்பல்ல ஏத்தித் திருப்பி அனுப்ப மாட்டாங்க." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஆனா இதுக்கும் உப்பில்லாத சோறுதானா?"

மறுநாள் வெள்ளனே அவளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குக் கிளம்பினேன். முதலில் ஆஸ்பத்திரி. அங்கே பெண் குழந்தை பிறந்து, அவள் நடமாடத் தொடங்கியதும் போலீஸ் ஸ்டேஷன். அவள் வேண்டாம் என்றால் நான் போயிருக்க மாட்டேன். அவள்தான் முன்னால் நடந்தாள்.

எழுதுகிறவர் பேரைக் கேட்டார், சொன்னாள். எந்த நாடு என்று கேட்டார், சும்மா இருந்தாள். "ஏம்மா, எந்த நாடும் இல்லேன்னா நான் எதம்மா எழுதறது?" என்று அவர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. வழக்கு எழுதினார்கள். கைக்குழந்தைக்காரி என்பதால் ஜாமீனில் விட்டார்கள். ஊரைவிட்டு நகரக் கூடாது, இருக்கும் இடம் எது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டைச் சொன்னேன். ஜாமீன் கையெழுத்தும் நானே போட்டேன். என் மேலதிகாரி விளக்கம் கேட்டார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை வேலை இருக்கிறது. நாளைக்கு எப்படியோ.

பாதை சரியானதும் அவள் புருஷன் ஓடி வந்தான். குழந்தையைக் கையில் வாங்கத் தெரியாமல் நின்றான். இப்போது அது எங்கள் வீட்டுப் பூண்டுக் குவியலுக்கு நடுவே தவழ்கிறது. மதினியைக் கண்டால்தான் சிரிக்கிறது.

மதினி இன்னமும் சுமைதாங்கிக் கல்லுக்குச் சோறு கொண்டுபோகிறாள். இரண்டு இலை. ஒன்றில் உப்பில்லாத சோறு, கல் பக்கமிருந்து 'ம்' என்று பதில் சொன்னவளுக்கு. இன்னொன்றில் உப்புப் போட்ட சோறு. அது யாருக்கு என்று கேட்டேன். "எவளாச்சும் வருவாள்ல" என்றாள்.

குழந்தையோடு அவளை மதுரைக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "கவர்மெண்டும் ஒத்தத் தடவதான் கூப்புடும். வெரசாப் போயிருங்க" என்றார் முன்சீப். வாழ்நாளெல்லாம் தான் இருக்கும் இடம் தெரியாதபடி கூப்பிடப் பழகியவள் அங்கே எல்லோர் முன்னாலும் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அதை நினைக்கும்போது, அன்று பனிக்குள் நின்ற பயம் இப்போதும் எனக்கு வருகிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் எங்களுக்கு இடமும் சொல்லிவைத்தாயிற்று.