கடுவன் குந்திய இடங்கள்

ஜூலை 8, செவ்வாய். கடுவன் பூனை காலை உணவைத் தொடவில்லை. முற்றத்து மணலைக் கிண்டிக் குந்தியது. எழுந்துபோய் வேறிடத்தில் குந்தியது. ஐந்து தடவை.

ஜூலை 9, புதன். மனைவியின் சாய்மனைக் கதிரையில் ஏறிக் குந்தியது. முன்னர் அதில் ஏறியதில்லை. முற்றத்தில் எட்டுத் தடவை. மாலையில் நீண்ட குரலில் கத்தியது.

ஜூலை 10, வியாழன். அலுமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வெளியே எடுக்க முயன்றபோது கையைக் கடித்தது. ஒன்பது ஆண்டுகளில் முதல் தடவை.

குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன். விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பார்த்ததை எழுதுவதும் அதற்கு மேல் எழுதாதிருப்பதும் தொழில் தந்த பழக்கம். ஆனால் எழுதாத விளக்கம் ஒன்று முதல் நாளே என்னிடம் இருந்தது. மனைவி இறந்து அப்போது மூன்று வாரமும் ஆகவில்லை. கடுவன் அவள் வளர்த்தது. அது அவளைத் தேடுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவியின் தங்கை எங்கள் ஊரான தோட்டவெளியில் எங்களுக்கு அடுத்த வளவில் இருக்கிறாள். எனக்கு மதியச் சோறு கொண்டுவருபவள் அவள்தான். புதன்கிழமை பாத்திரம் எடுக்க வந்தவள், கதிரையில் இருந்து பூனை கத்துவதைக் கேட்டு நின்றாள்.

"நீங்கள் ஒரு சொட்டும் அழேல்லை, அத்தான். அது உங்களுக்கும் சேர்த்து அழுது."

நான் மறுக்கவில்லை. அந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது.

கடி வாங்கிய பின்னர்தான் பட்டணத்துக்குப் போனேன். அதுவும் பூனையின் நலம் கருதி அல்ல. விசர்நாய்க்கடி நோயாக இருக்குமோ என்று அறிவதற்காக. பூனையைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, கடகத்தின் வாயைத் துணியால் கட்டினேன். ஓட்டோக்காரர் என் பழைய மாணவர். கடகத்துள் எழுந்த கத்தலைக் கேட்டு, "சேர், இவருக்கும் உங்கட வகுப்பில இருக்க விருப்பமில்லைப் போல" என்றார்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். கடுவனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

"எத்தின தரம் குந்தினது எண்டு வடிவா எழுதியிருக்கிறீங்கள், ஐயா. மூத்திரம் போனதோ எண்டு எழுதேல்லையே."

நான் பார்க்கவில்லை. பதின்மூன்று இடங்களை எண்ணியவன், அவற்றில் ஒன்றிலாவது மணல் நனைந்திருந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை.

சிறுநீர் வழி அடைபட்டிருந்தது. கடுவன்களுக்கு வருவதுதான் என்றும், இன்னொரு நாள் பிந்தியிருந்தால் தப்பியிராது என்றும் சொன்னார். என்ன உணவு கொடுக்கிறேன் என்று கேட்டார். கருவாடு என்றேன். எங்கள் குடும்பத்தில் சாவு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அடுப்பில் மீன் ஏறாது. பூனைக்கு மீன் இல்லாமல் முடியாது. ஆகவே அடுப்புக்குப் போகத் தேவையில்லாத கருவாட்டைப் போத்தலில் இருந்து எடுத்து அப்படியே போட்டுவந்தேன். மனைவி சூடை மீனை அவித்து, அவித்த தண்ணீரையும் சோற்றின் மேல் விட்டுக் கொடுப்பாள். பூனை தனியாகத் தண்ணீர் குடித்து நான் கண்டதில்லை. கருவாட்டின் மேல் மட்டும் பழி போட முடியாது, தண்ணீர் குறைந்தது நல்லதல்ல என்று வைத்தியர் அளவாகச் சொன்னார்.

உள்ளே குழாய் செலுத்திக்கொண்டிருக்கையில் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடந்த மாரியில் மனைவி முற்றம் கூட்டுவதை இடையில் நிறுத்திவிட்டுக் கதிரையில் போய் இருக்கத் தொடங்கினாள். வயது என்றேன். அதையும் கவனித்திருந்தேன். எத்தனை தடவை என்றுகூடச் சொல்வேன்.

இரண்டு நாள் அங்கே வைத்திருந்து சனிக்கிழமை கடுவனைத் தந்தார்கள். வரும் வழியில் சந்தியில் சூடை வாங்கினேன். அடுப்பை மூட்டி அவித்தேன். மனைவியின் தங்கை சோற்றுடன் வந்தபோது வீடு முழுவதும் மீன் மணம்.

"இன்னும் ஏழு நாள் கிடக்கு, அத்தான்."

"ஓம், தெரியும்."

சோற்றை வைத்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தாள். "அக்கா இதவிடத் தண்ணி கூட விடுறவ" என்று சொல்லி, ஒரு செம்பு நீர் ஊற்றினாள்.

மாலையில் கடுவன் முற்றத்தில் குந்தி எழுந்தது. சோளகக் காற்று மணலை மூடுமுன் போய்க் குனிந்து தொட்டேன். நனைந்திருந்தது.

இன்னும் செய்யாதவை:

கதிரைத் துணியைத் துவைத்தல்.

கருவாட்டுப் போத்தலை அடுத்த வளவில் கொடுத்தல்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பங்குத் தந்தையிடம் சொல்லுதல்.

சித்திரையில் மனைவிக்குச் செய்த இரத்தப் பரிசோதனையின் அறிக்கை இன்னும் வைத்தியசாலையில் கிடக்கிறது. அதை எடுத்து வாசித்தல்.