நெகட்டிவ் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் பெயர் நெகட்டிவ் அத்தான். பூட்டு ரிப்பேர் செய்கிறவர், யாரையும் ஒரு குறை சொல்லாதவர். பெயர் வந்தது அவருடைய ரத்தத்தால்.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. சிலவகை ரத்தப் புற்றுநோயில், தன்பாட்டுக்கு இருந்த இரண்டு புரதங்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே புரதமாகி ஆட்டம் போடுமாம். அதன் தலையைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பாசிமணி ஒன்று பிடித்துக்கொள்ளும். வாலில் ஒளிரும் சாயம் போய் ஒட்டும். தலையும் வாலும் ஒரே உடம்பில் இருந்தால்தான் மணி மின்னும். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, பாசிட்டிவ் என்று நோயுள்ள ரத்தம் ஒன்றையும் நெகட்டிவ் என்று நோயில்லாத ரத்தம் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவார்கள். நோயில்லாத ரத்தத்துக்கு எங்கே அலைவது என்று அக்கா அத்தானின் கையைப் பிடித்துவிட்டாள். ஒரு காபி கொடுத்தால் சட்டைக் கையை மடித்துவிடுவார், பாவம்.

ஒருநாள் நெகட்டிவ் மின்னியது.

கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. சாயம் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கினார்கள். மின்னியது. மெக்கானிக் வந்து இயந்திரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, கரண்ட் சரியில்லை என்று கைகழுவிவிட்டார். கூடத்தின் தலைவர், இயந்திரம் இருந்த மேசையையே இடம் மாற்றிப் பார்த்தார். அத்தானைச் சந்தேகிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"நெகட்டிவ் எப்படிம்மா பாசிட்டிவ் ஆகும்?" என்றார் தலைவர்.

அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கிருந்தேன்; அத்தான் ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல தப்பில்லைங்க. உங்க ரத்தந்தான்."

அத்தான் யோசித்தார். "அப்ப நீ வேற ஆள் பாக்கணுமே."

அக்கா அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை வீசியிருப்பேன்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஆரம்பத்துலயே பிடிச்சிட்டீங்க. மாத்திரை கேக்குதான்னு பாக்கலாம்" என்றார். பரிசோதனைக்கூடத் தலைவரோ அத்தானுக்குப் பதவி உயர்வே கொடுத்துவிட்டார்: இனி அவர்தான் பாசிட்டிவ். நெகட்டிவ் உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

மாத்திரை கேட்குமோ கேட்காதோ என்ற கவலையில் அக்கா பாதியாக இளைத்துவிட்டாள். மாதங்கள் போகப் போகத் தலைவர் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா உங்க வீட்டுக்காரர், வரவர மங்கிக்கிட்டே போறார்? நான் எப்படி வேலை பாக்கறது?"

போன வாரம் அத்தான் மின்னவே இல்லை. தலைவர் அக்காவைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தார். "இந்த மனுஷன் இனிமே பாசிட்டிவுக்கு லாயக்கே இல்லைம்மா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றாள்.