கண்ணைப் பார்த்துச் சொன்னவள்

எங்கள் மென்பொருள் குழுவில் அவள்தான் இளையவள். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை அனுமதியில் வந்தவள். இறுக்கிப் பின்னிய சடை. எதைக் கேட்பதென்றாலும் எழுந்து நின்றுதான் கேட்பாள்.

மூத்தவளான நான் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நேரம் எடுக்கிறேன் என்று அவள் எங்கள் மேலாளருக்கு எழுதிக் கொடுத்து வந்தது, எனக்கு ஆட்குறைப்புக் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது. தேக்கா உணவங்காடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க வேகமா செஞ்சிருப்பீங்கக்கா. அப்புறம் என்னைத்தான் அனுப்பியிருப்பாங்க," என்று என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

வாங்கிய தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். வீடு இருக்கும் ஆங் மோ கியோ வரை ரயிலில் மனத்துக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அழுதிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.