லாபத்துக்கு அடுத்த அலை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அலை எண்ணியது. சல்லிக் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில், பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்புகள். வீரசிங்கம் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் துஷாந்தி, கையில் நிறுத்தற்கடிகாரம். புதிய இறங்குதுறைக்கு அலை அளக்க வந்த பொறியியலாளர் அவள்தான்.

ஓர் அலை கம்புக்குக் கம்பு போகும் நேரம், வேகத்தைத் தரும். அதை எடுத்தாயிற்று. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை செக்கன் என்பதுதான் மிச்சம்.

“முதல் அலை முட்டேக்க கத்துங்கோ, அப்பா. பிறகு பத்து மட்டும் எண்ணுங்கோ.”

“லாபம்!” என்று கத்தினார்.

முப்பது வருடம் கரையோர மீன் வாடியில் மீன் எண்ணிக் கொடுத்தவர். முதல் மீனை ஒன்று என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

“இது சூடை மீனில்லை, அப்பா!”

“நீங்கள் மணிக்கூட்டைப் பாருங்கோ, மகள்.”

பார்த்தாள். ‘பத்து’ என்று அவர் கத்தியபோது நாற்பது செக்கன்.

“இந்தக் கம்பு மீன் வியாபாரி நௌபரின்ர. நாளைக்கு நானே புடுங்கிக் குடுக்கிறன்” என்றார், ஈரச் சாரத்தைப் பிழிந்தபடி. மறுநாள் விடியற்காலை நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்து குறிப்பேட்டைத் திறந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. லாபத்துக்கு அடுத்து ‘ஒண்டு’ என்றாரா, ‘ரெண்டு’ என்றாரா? ஒண்டு என்றால் பத்து இடைவெளி, அலைக்கு நாலு செக்கன். ரெண்டு என்றால் ஒன்பதுதான், நாலரைக்குக் கிட்ட. அவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. இப்போது காற்றும் மாறிவிட்டது. அன்றைய கடலை இனி அளக்க ஏலாது.

“லாபம், ரெண்டு. வேற எப்பிடி?” என்றார் அம்மா இரத்தினேஸ்வரி.

கிண்ணியா மீன் வியாபாரி நௌபர் போனில் சிரித்தார். “அண்ணன்ட கணக்கு வேற, தங்கச்சி. லாபம், ஒண்டு எண்டுதான் துடங்குவார். நூறு வாங்கினா நூத்தியொண்டு வரும். அதுக்குத்தானே அவரைத் தேடி வந்தனான்.”

“அது கூட்டாளிக்கு. அலை என்ன அவருக்குக் கூட்டாளியோ?” என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கவேண்டும். துஷாந்தி நாலு என்று எழுதினாள். அழித்தாள். கடைசியில் இரண்டு எண்களையும் எழுதி, பக்கத்தில் ‘உறுதியில்லை’ என்று போட்டாள்.

பிறகு கடலில் இறங்கி, அவர் பிடித்திருந்த கம்பைப் பிடித்தாள். ஓர் அலை முட்டியது.

“லாபம்” என்றாள்.

அடுத்தது வந்தது. வாய் திறக்கவில்லை.

அது நௌபரின் கம்பு. திருப்பிக் கொடுக்க இழுத்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் மண் இறுகிவிட்டது. அசையவில்லை.