கல்யாணத்துக்குப் போன மிக்ஸி ஜார்

என் கண் இமைகள் ஊதா நிறமானபோது அந்தமானில் எங்கள் ஊரான மாயாபந்தரில் ஒருவரும் பதறவில்லை. அலுவலகத்தில் ஒருத்தி, "மேடம், இந்த ஐ ஷேடோ எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். இந்த வயதில் யாராவது அழகைப் பற்றிக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. அப்புறம் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. நாற்காலியை விட்டு எழ மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

போர்ட் பிளேர் டாக்டர் தசை அழற்சி என்று மாத்திரை எழுதினார். அதோடு விட்டாரா மனிதர்? "இது வர்ற சிலருக்கு உடம்புல எங்கயாவது கேன்சர் ஒளிஞ்சிருக்கும்மா. உங்களுக்கு இருக்குன்னு சொல்லலை. தேடிப் பார்த்துடணும். மெயின்லேண்ட் போயிட்டு வாங்க" என்றார். இருக்கிறது என்றால் அழலாம். இல்லை என்றால் சிரிக்கலாம். தேட வேண்டும் என்றால் என்ன செய்வது?

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன். பக்கத்து வீட்டு வங்காளி தீதி கேட்டதும் அவர், "தங்கச்சி பொண்ணுக்கு ஷாதி" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தங்கச்சியே கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் தீவில் கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போகிறவரின் பெட்டி ஊருக்கே பொது. ஆஸ்பத்திரி என்றிருந்தால் சும்மா விட்டிருப்பார்கள்.

சாயங்காலத்துக்குள் யாருடைய மச்சினிக்கோ கருவாட்டுப் பொட்டலம் வந்து சேர்ந்தது. தீதி ஒரு பழைய மிக்ஸி ஜாரை நீட்டி, "பிளேட் பதல்கே லானா. இதர் நஹி மில்தா" என்றாள். பிளேடு மாற்றிக் கொண்டு வர வேண்டுமாம், இங்கே கிடைக்காதாம். கை தூக்க முடியாது என்று எப்படிச் சொல்வேன்? நான்தான் கல்யாணத்துக்குப் போகிறேனே. வாங்கிக்கொண்டேன்.

சென்னையில் விமானத்தை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரி. கருவாட்டு வாசனைக்கு எங்களைச் சுற்றி வரிசையே காலியானது. வீட்டுக்காரரும் யாரோ போலத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். மார்பகத்துக்கு ஒரு படம், வயிற்றுக்குள் ஒரு குழாய், கடைசியில் ஸ்கேன். "கையை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிக்குங்கம்மா" என்றாள் அங்கிருந்த பெண். "அது முடிஞ்சா நான் ஏம்மா கடல் தாண்டி இங்க வரேன்?" என்றேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கித் தலையணையில் வைத்தார்கள்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. ஆனா அடுத்த வருஷமும் பார்க்கணும்" என்றார் டாக்டர். நிம்மதியில் அழுதேன். அந்த 'இப்போதைக்கு' மேல் வந்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ஊர் திரும்பியதும் பிளேடு மாற்றிய ஜாரைக் கொடுக்கப் போனேன். தீதியின் சமையலறையில் புத்தம் புது மிக்ஸி இருந்தது. நான் போகும் முன்பே வாங்கியதாம்.

"அப்புறம் இது எதுக்கு தீதி?"

"சாமான் லானா ஹோ தோ வாபஸ் ஆனா படேகா நா." சாமான் கொண்டு வர வேண்டுமென்றால் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்.

மாதக்கணக்கில் எங்கள் வீட்டுக் கொடியில் எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் துணி காயப்போடுவதை இவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, சீப்பை எடுத்து என் தலையைச் சீவ ஆரம்பித்தாள்.

"அடுத்த வருஷமும் போகணும், தீதி" என்றேன் இந்தியில்.

சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள், அடுத்த தடவை குக்கர் தருவாளாம்.